யோருபா எழுத்தும் உச்சரிப்பும்: புள்ளியையும் கோட்டையும் தள்ளிவைத்துவிட்டுத் தொடங்கலாமா?

யோருபா மொழியை முதலிலிருந்து கற்கத் தொடங்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "எழுத்து ரோமன் எழுத்துதானே. ஆங்கிலம் படித்தவர்களுக்கு அது பழகியதுதான். எழுத்துகளை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு நேராகச் சொற்களுக்குப் போய்விடலாமா? எழுத்துக்கு மேலும் கீழும் போடுகிற கோடுகளையும் புள்ளிகளையும் பிறகு பார்த்துக்கொண்டால் போதாதா?"

போதாது. புள்ளியும் கோடும் யோருபாவில் அலங்காரம் அல்ல. நமக்குக் 'கல்' வேறு, 'கால்' வேறு. நெடிலைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், இப்போதைக்கு எல்லாவற்றையும் குறிலாகவே படிக்கலாம் என்று தமிழ் கற்க வருபவரிடம் நாம் சொல்ல மாட்டோம். யோருபாவில் அந்தக் குறிகளைத் தள்ளிவைப்பது ஏறக்குறைய அதே தவறுதான். இந்த ஒன்றை முதல் நாளிலேயே மனத்தில் வாங்கிக்கொண்டவர்களுக்கு உச்சரிப்பு மற்றபடி அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. தமிழ் பேசும் வாய்க்கு அதில் எதிர்பாராத சில வசதிகள்கூட உண்டு.

முதலில் ஒரு முன்னறிவிப்பு. இந்தப் பதிலை முழுவதும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். தமிழ் எழுத்தில் 'பல்' என்பதன் பகரத்துக்கும் 'தம்பி' என்பதன் பகரத்துக்கும் வடிவ வேறுபாடு இல்லை. யோருபாவில் அவை வெவ்வேறு எழுத்துகள். எனவே நான் இங்கே எழுதிக் காட்டும் சொற்கள் வழிகாட்டி மட்டுமே. உண்மையான எழுத்துக்கூட்டலை ஒரு நல்ல அகராதியில் பார்த்து, கையால் ஒருமுறை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் அதன் தொனியை, அதாவது அசைகள் ஒலிக்கும் குரல் உயரத்தை, மேல், இடை, கீழ் என்ற சொற்களால் குறிக்கிறேன்.

யோருபா, நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியிலும் அதை அடுத்த பெனின் நாட்டிலும் டோகோவின் சில பகுதிகளிலும் பேசப்படுகிறது; பேசுவோர் 4 கோடிக்கும் மேல். நைஜீரியாவில் வழங்கும் எழுத்து வரிசையில் 25 எழுத்துகள் உள்ளன. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளிலிருந்து சி, கியூ, வி, எக்ஸ், இசட் ஆகிய ஐந்தை நீக்கிவிட்டு நான்கைச் சேர்த்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். அந்த நான்கு: அடியில் புள்ளி வைத்த ஈ, அடியில் புள்ளி வைத்த ஓ, அடியில் புள்ளி வைத்த எஸ், பிறகு ஜியையும் 'பஸ்' என்பதன் பியையும் சேர்த்து எழுதும் ஓர் இரட்டை எழுத்து. உயிர் ஏழு, மெய் பதினெட்டு. பார்வைக்கு இரண்டு எழுத்தாகத் தெரிந்தாலும் அந்த இரட்டை எழுத்து ஒரே எழுத்தாகத்தான் கணக்கில் வரும். அகராதியில் ஜியில் தொடங்கும் சொற்களெல்லாம் முடிந்த பிறகு அதற்கென்று தனிப் பகுதி இருக்கும். இது தெரியாமல் அகராதியைப் புரட்டினால் சொல் கிடைக்காது.

குறிகள் இரண்டு வகை என்பதைத் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைக்கும் புள்ளி எழுத்தையே மாற்றிவிடுகிறது. புள்ளியுள்ள ஈயும் புள்ளியில்லாத ஈயும் எகரமும் ஏகாரமும் போலத் தனித்தனி எழுத்துகள். மேலே போடும் சாய்கோடு எழுத்தை மாற்றுவதில்லை; அந்த அசை எந்த உயரத்தில் ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஓர் உயிருக்குக் கீழே புள்ளியும் மேலே கோடும் ஒருங்கே வருவது மிகச் சாதாரணம்.

புள்ளிகளிலிருந்து தொடங்குவோம். புள்ளியில்லாத ஈ என்ற எழுத்தைப் பார்த்ததும் 'தேன்' என்பதன் ஏகாரத்தை நினைத்துக்கொண்டு அதைக் குறிலாகச் சுருக்குங்கள். புள்ளியுள்ள ஈக்குத் தாடை இன்னும் சற்றுக் கீழே இறங்க வேண்டும். ஆங்கிலச் சொற்களான 'பெட்', 'செட்' ஆகியவற்றை நாம் சொல்லும்போது வரும் திறந்த எகரம் அதற்கு அருகில் வருகிறது. புள்ளியில்லாத ஓ, 'தோள்' என்பதன் ஓகாரத்தைச் சுருக்கியது. புள்ளியுள்ள ஓவுக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை என்றாலும் ஒலி நம் வாயில் இருக்கிறது: பசும்பாலையும் கிரிக்கெட் பாலையும் ஒரே மாதிரி எழுதுகிறோம், ஆனால் ஒரே மாதிரி சொல்வதில்லை. கிரிக்கெட் பாலில் உதடு சற்றுக் குவிந்து தாடை இறங்குகிறதே, அந்த உயிரைக் குறுக்கினால் புள்ளியுள்ள ஓ கிடைத்துவிடும்.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே ஒரு சோடியைச் சொல்கிறேன். 'ஒவொ' என்ற சொல்லில் இரண்டு ஓவும் புள்ளியில்லாமல் இருந்தால் பணம். இரண்டுக்கும் புள்ளி இருந்தால் கை. இரண்டு சொல்லுக்கும் தொனி ஒன்றேதான், இடை, மேல். அதாவது "பணம் கொடு" என்பதற்கும் "கை கொடு" என்பதற்கும் நடுவே நிற்பது தாடையின் சிறு அசைவு மட்டுமே.

இங்கே ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒரு தனிச்சொல்லுக்குள் புள்ளியுள்ள ஈ, ஓவும் புள்ளியில்லாத ஈ, ஓவும் பொதுவாகக் கலந்து வருவதில்லை. மழையைக் குறிக்கும் 'ஒஜொ'வில் இரண்டும் புள்ளியற்றவை; நாளைக் குறிக்கும் 'ஒஜொ'வில் இரண்டும் புள்ளியுள்ளவை. ஓரிடத்தில் புள்ளி இருப்பதை நினைவில் வைத்திருந்தால் மற்றதையும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். இரண்டு சொற்கள் சேர்ந்த கூட்டுச்சொல்லில் இந்த ஒழுங்கு உடையும். அபெஒகுடா என்ற ஊர்ப்பெயரில் முதலில் வருவது புள்ளியுள்ள ஈ, அடுத்து வருவது புள்ளியில்லாத ஓ. ஏனென்றால் அது 'கீழே' என்ற சொல்லும் 'கல்' என்ற சொல்லும் சேர்ந்தது. ஒலுமோ பாறையின் அடியில் அமைந்த ஊர் என்பதால் வந்த பெயர் அது.

புள்ளி வைத்த எஸ் நம்முடைய ஷகரம். புள்ளியில்லாத எஸ் ஸகரம். இதில் விளக்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் அச்சில் புள்ளி விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1986ஆம் ஆண்டு இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவரைத் தமிழ் இதழ்கள் 'வோலே சோயிங்கா' என்று எழுதி வந்திருக்கின்றன. 1934இல் அபெஒகுடாவில் பிறந்த அவருடைய குடும்பப் பெயரின் முதல் எழுத்து புள்ளி வைத்த எஸ். அதாவது அது 'ஷோ' என்றுதான் தொடங்குகிறது. ஆங்கில அச்சில் புள்ளி உதிர்ந்தது. அதைப் பார்த்து எழுதிய உலக மொழிகள் பலவற்றிலும் ஒலி மாறிவிட்டது. முதற்பெயரில் உள்ள ஓவும் புள்ளியுள்ளதே. 'வீட்டுக்குள் நுழைந்தது' என்ற பொருள் தரும் அந்தப் பெயருக்குத் தொனி இடை, மேல். குடும்பப் பெயரின் மூன்று அசைகளும் மேல். ஒரு மனிதருடைய பெயரை அவர் ஊரார் அழைப்பதுபோல் அழைப்பதற்கே இத்தனை குறிகளும் தேவைப்படுகின்றன.

இனி மெய்கள். பெரும்பாலானவை நமக்குச் சிரமம் தராதவை. ஆகவே விரைந்து சொல்லிவிடுகிறேன். ஜி எப்போதும் 'தங்கம்' என்பதன் ககரம்தான். ஆங்கிலத்தைப்போல் சில இடங்களில் ஜகரமாக மாறுவதில்லை. டபிள்யுவுக்கு உதடுகள் நன்றாகக் குவிய வேண்டும். மேற்பல் கீழுதட்டைத் தொடும் நம் வகரத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆங்கிலத்தில் 'டேபிள்', 'டாக்டர்' ஆகியவற்றின் முதலில் வரும் இரண்டு டி எழுத்துகளைப் பார்த்ததும் நாக்கை மடித்து டகரம் சொல்வது நம் பழக்கம். யோருபாவில் நாக்கை மடிக்கவே கூடாது. நைஜீரியாவின் பெரிய நகரத்தை நாம் 'இபடான்' என்று எழுதினாலும் 'இபாதான்' என்பதுதான் ஒலிக்கு அருகில் வருகிறது.

நின்று பழக வேண்டிய மெய்கள் இரண்டு. ஒன்று மேலே சொன்ன இரட்டை எழுத்து. மற்றது பி, 'பேனா' என்று ஆங்கிலத்தில் எழுதினால் முதலில் வருமே, அந்தப் பி. இந்த இரண்டுக்கும் நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தையும், உதடுகள் ஒன்றையொன்றும் ஒரே நேரத்தில் அடைத்து, ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும். ககரத்தை முதலிலும் பகரத்தைப் பிறகும் சொன்னால் அது 'அக்பர்' ஆகிவிடும். அது யோருபா அல்ல. இதைப் பழகத் தமிழில் ஒரு வழி இருக்கிறது. 'ங்' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே, நாக்கை எடுக்காமல், 'ம்' சொல்வதுபோல் உதடுகளை மூடுங்கள். இப்போது வாயில் இரண்டு கதவும் சாத்தியிருக்கின்றன. இரண்டையும் ஒரே வீச்சில் திறந்து ஓர் உயிரைச் சொல்லுங்கள். தொண்டை அதிர்வோடு திறந்தால் இரட்டை எழுத்து. அதிர்வில்லாமல் திறந்தால் பி. 'எல்லாம்' என்று பொருள்படும் சொல்லில் இந்த இரட்டை எழுத்து இரண்டு முறை வருகிறது, இரண்டு அசையும் இடைத்தொனி. காலையில் பல் துலக்கும்போது பத்து முறை சொல்லிப் பழக அதைவிட ஏற்ற சொல் இல்லை. பிக்கு, யாராவது தடுக்கி விழுந்தாலோ வருத்தத்தில் இருந்தாலோ ஆறுதலாகச் சொல்லும் 'பெலெ' என்ற சொல்லைப் பழகலாம்: இரண்டும் புள்ளியுள்ள ஈ, கீழ், மேல்.

ஒரு ஒலிக்கு இரண்டு எழுத்தும் மற்றதற்கு ஒரே எழுத்தும் ஏன் என்ற கேள்வி எழும். யோருபாவில் நம் 'பல்' என்பதில் உள்ள வெறும் பகரம் இல்லவே இல்லை. ஆகவே பி என்ற எழுத்து வேலையில்லாமல் இருந்தது, அதையே அந்த ஒலிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் 'தங்கம்' என்பதன் ககரமும் 'தம்பி' என்பதன் பகரமும் யோருபாவில் தனித்தனியே இருப்பதால், அவை இணைந்த ஒலியைக் காட்ட இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டியதாயிற்று. பெனின் நாட்டில் யோருபாவை எழுதும்போது அந்த ஒலிக்குக் கேயையும் 'பேனா'வின் பியையும் சேர்த்து எழுதுகிறார்கள். புள்ளியுள்ள உயிர்களுக்கும் வேறு வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். ஒரே மொழிக்கு எல்லையின் இருபுறமும் இரண்டு எழுத்துமுறை இருப்பதை அறிந்திருந்தால் இணையத்தில் பெனின் நாட்டு எழுத்தைப் பார்த்துக் குழப்பம் வராது.

மூக்கொலி உயிர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு எப்போதுமே விருப்பம், ஏனென்றால் ஆங்கிலம் வழியாக யோருபா கற்பவர்கள் தடுமாறும் இடத்தில் தமிழ் பேசுபவர்கள் தடுமாற வேண்டியதே இல்லை. ஓர் உயிருக்குப் பின் என் என்ற எழுத்து வந்து அசை முடிந்தால், அந்த என் தனி மெய் அல்ல. முன்னால் உள்ள உயிரை மூக்கால் ஒலிக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். நாம் எழுத்தில் 'நான் வந்தேன்' என்று எழுதுகிறோம். பேசும்போது 'நான்' என்பதன் இறுதியில் நாக்கு மேலே போய் ஒட்டுவதில்லை. உயிர் மூக்கு வழியாகக் கரைந்து முடிகிறது. 'அவன் வந்தான்' என்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே சொல்லிப் பாருங்கள். யோருபாவின் மூக்கொலி உயிர் அதுவேதான். கதை என்பதற்கான 'இதான்' (கீழ், கீழ்), துப்பாக்கி என்பதற்கான 'இபொன்' (கீழ், இடை) இரண்டிலும் இறுதி உயிர் பொதுவழக்கில் ஒரே ஒலிதான், கிரிக்கெட் பாலின் உயிர் மூக்கால் வருவது. உதட்டில் பிறக்கும் மெய்க்குப் பின் அதை ஓவால் எழுதுவதும் மற்ற இடங்களில் ஏயால் எழுதுவதும் எழுத்து மரபு. காதுக்கு வேறுபாடு கிடையாது.

என் சில இடங்களில் தனி அசையாகவே நின்று தனக்கென ஒரு தொனியையும் சுமக்கும். 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதில் உள்ள 'கொண்டிரு' என்ற பொருளை யோருபாவில் தருவது மேல் தொனியுள்ள ஒற்றை என் எழுத்துதான். அடுத்து வரும் மெய்க்கு ஏற்ப அது ம், ங் என்று மாறி ஒலிக்கும். ங்க, ஞ்ச, ந்த, ம்ப என்று இன எழுத்தைச் சேர்த்தே பழகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அசை அமைப்பும் எளிது. தனி உயிர், மெய்யும் உயிரும், தனி மூக்கொலி என்று மூன்றே வகை. இரண்டு மெய் அடுத்தடுத்து நிற்பதில்லை, சொல் மெய்யில் முடிவதில்லை. அதனால்தான் ஆங்கிலத்திலிருந்து வந்த பிரெட் 'புரெதி' ஆகிறது, பால் 'பொஒலு' ஆகிறது, டேபிள் 'தாபிலி' ஆகிறது. 'பிரெட்டு', 'பஸ்சு', 'காரு' என்று உகரம் சேர்த்துப் பேசும் ஊரிலிருந்து போனவனாதலால் இந்தச் சொற்களைக் கேட்ட அன்றே எனக்கு ஒருவித நெருக்கம் தோன்றிவிட்டது.

ஆனால் நம்மிடமுள்ள ஒரு பழக்கம் இங்கே கெடுதல் செய்யும்: நெடில். யோருபாவில் ஒற்றையாக எழுதிய உயிர் எப்போதும் குறில். நீட்டி ஒலிக்க வேண்டுமானால் உயிரை இரண்டு முறை எழுதுவார்கள். அப்போதும் அது இரண்டு அசை, இரண்டுக்கும் தனித்தனித் தொனி. வீடு என்பதற்கான 'இலெ' (இடை, மேல்) என்ற சொல்லைத் தமிழர்கள் பெரும்பாலோர் 'இலே' என்று இழுக்கிறார்கள். தொனி மேலே போக வேண்டும் என்று சொன்னால் நம் வாய் நீட்டத் தொடங்கிவிடுகிறது. உயரம் வேறு, நீளம் வேறு. இந்த இரண்டையும் பிரிப்பதற்காகவே ஒரு வாரம் ஒதுக்கினாலும் வீணில்லை.

இப்போது தொனிக்கு வருவோம், இதுதான் மொழியின் உயிர்நாடி. மேல், இடை, கீழ் என்று மூன்று. மேலுக்கு வலப்புறம் உயரும் சாய்கோடு, கீழுக்கு வலப்புறம் இறங்கும் சாய்கோடு. இடைத்தொனிக்குக் குறி போடுவதில்லை. ஆகவே குறியில்லாத உயிர் 'எப்படியும் சொல்லலாம்' என்று பொருள்படாது, இடைத்தொனி என்று பொருள்படும். நைஜீரியப் பள்ளிகளில் இதை தொ, ரெ, மி என்ற சுரப்பெயர்களால் கற்பிக்கிறார்கள்: தொ கீழ், ரெ இடை, மி மேல். மொழியின் பெயரிலேயே மூன்றும் இருக்கின்றன: யோ இடை, ரு கீழ், பா மேல். ரெ, தொ, மி என்று முணுமுணுத்துப் பாருங்கள்; பிறகு அதே மெட்டில் மொழியின் பெயரைச் சொல்லுங்கள். முதல் பாடம் முடிந்தது. சங்கீதம் கற்றவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: இவை நிலையான சுருதி அல்ல. ஒவ்வொருவர் குரலுக்குள்ளும் ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வுதான் கணக்கு.

வினைச்சொற்கள் பெரும்பாலும் ஓரசைச் சொற்களாக இருப்பதால் சுமை முழுவதும் தொனியின் மேல் விழுகிறது. புள்ளியுள்ள ஓவோடு 'கொ' என்று மேல் தொனியில் சொன்னால் கற்றுக்கொள். இடையில் சொன்னால் எழுது. கீழில் சொன்னால் மறு. மாணவன் ஒருவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு சொற்களும் அவன் சொல்லவே கூடாத ஒன்றும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கின்றன. 'வ' என்பது மேலில் வா, கீழில் இரு. துணியைத் துவை என்பதற்கும் பொருளை உடை என்பதற்கும் வேறுபாடு கீழும் மேலும்தான்.

பெயர்ச்சொற்களில் இரண்டு அசை இருப்பதால் வாய்ப்புகள் இன்னும் பெருகுகின்றன. இரட்டை எழுத்தை நடுவில் கொண்ட 'இக்ப' வடிவத்தைப் பாருங்கள்: இடை, இடை என்றால் இருநூறு, இடை, மேல் என்றால் சுரைக்குடுவை, கீழ், கீழ் என்றால் காலம், இடை, கீழ் என்றால் பனைமரம் ஏறுபவர் இடுப்பைச் சுற்றிக் கட்டும் கயிறு. புள்ளியோடும் தொனியோடும் எஸ்ஸின் புள்ளியும் சேர்ந்துகொண்டால் 'எசெ' இடை, கீழில் கால். இடை, இடையில் செய்யுள், இஃபா என்ற குறிசொல்லும் மரபின் பாடல்களுக்கும் அதே பெயர். எஸ்ஸுக்குப் புள்ளி வைத்துக் கீழ், கீழ் என்றால் பாவம். கீழ், மேல் என்றால் இறுக மூடிய கை. விவிலியத்தைக் குறியில்லாமல் அச்சிட்டால் என்ன நேரும் என்பதை இந்த நான்கு சொற்களே காட்டிவிடும்.

இபாதானில் நான் தங்கியிருந்தபோது போதிஜா சந்தையில் காராமணி வாங்கப் போனேன். அதற்கான சொல் 'எவா', புள்ளியுள்ள ஈ, கீழ், கீழ். தமிழில் சொல்லின் முதலசையைச் சற்று உயர்த்தியே தொடங்கிப் பழகியிருந்ததால் இடை, கீழ் என்று சொல்லிவிட்டேன்; அப்படிச் சொன்னால் அது அழகு. கொங்கோ என்று அவர்கள் அழைக்கும் அளவைக் கிண்ணத்தைக் கையில் வைத்திருந்த அம்மையாருக்கு நான் கேட்டது புரியாமல் இல்லை. மூட்டை அவர் எதிரிலேயே இருந்தது. இருந்தாலும் அளக்கவில்லை. இன்னொரு கையின் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பி, இடுப்புக்குக் கீழே ஒரே மட்டத்தில் இரண்டு முறை அழுத்தி, வாய் திறக்காமல் "ம், ம்" என்று அடிக்குரலில் இரண்டு ஒலி எழுப்பினார். நான் அந்த மட்டத்துக்கு இறங்கிச் சொன்ன பிறகுதான் கிண்ணம் மூட்டைக்குள் போனது. உயிரும் மெய்யும் இல்லாமல் தொனியை மட்டும் தனியே பிரித்துக் காட்டிய அந்த இரண்டு முனகலுக்கு இணையான பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. அன்றிலிருந்து புதிய சொல் எதையும் முதலில் வாயை மூடி முனகிப் பார்த்துவிட்டுத்தான் சொல்லப் பழகினேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். 'துந்துன்' என்ற பேசும் முரசு இந்த அடிப்படையில்தான் பேசுகிறது. இரு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டிய வார்களைக் கைக்கும் உடலுக்கும் நடுவே அழுத்தினால் ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். முரசு தொனியை மட்டுமே தருகிறது, கேட்பவர்கள் வாழ்த்தையும் பழமொழியையும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

தொனிகள் அடுத்தடுத்து வரும்போது ஒன்றையொன்று இழுக்கும். கீழுக்குப் பின் வரும் மேல் தரையிலிருந்து ஏறுவதுபோல் வளைந்து ஒலிக்கும். மேலுக்குப் பின் வரும் கீழ் மேலிருந்து சரியும். இதைத் தனியாகப் பழக வேண்டியதில்லை, கேட்கக் கேட்கத் தானே வரும். ஆனால் ஓர் இலக்கண விதியை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது: அகராதியில் கீழ் தொனியோடு உள்ள வினை, பின்னால் செயப்படுபொருளாக ஒரு பெயர்ச்சொல் வந்தால் இடைக்கு உயர்ந்துவிடும். 'வாங்கு' என்பதற்கான 'ரா' அகராதியில் கீழ். 'காராமணி வாங்கினேன்' என்ற வாக்கியத்தில் இடை. இது தெரியாதவர்கள் அகராதி தவறு என்றோ தங்கள் காது தவறு என்றோ நினைத்துக் குழம்புகிறார்கள். அதேபோல் வினையின் இறுதி உயிரும் பெயரின் முதல் உயிரும் சந்தித்தால் ஒன்று மறையும். 'எழுது' என்பதும் 'நூல்' என்பதும் சேர்ந்து ஒரே சொல்லாகும்போது வினையின் உயிர் நிற்கிறது, 'இவெ' என்ற நூலின் முதல் உயிர் மறைகிறது. ஆனால் மறைந்த உயிரின் கீழ் தொனி மறையாமல் வினையின் மேல் வந்து அமர்ந்துகொள்கிறது. புணர்ச்சி விதிகளோடு வளர்ந்த நமக்கு உயிர் கெடுவது புதிதல்ல. உயிர் போன பின்னும் அதன் தொனி தங்குவதுதான் புதிது.

கேள்வி கேட்கும்போது கடைசி அசையை உயர்த்தாதீர்கள். அப்படி உயர்த்தினால் சொல்லே மாறிவிடக்கூடும். யோருபாவில் கேள்வியைக் காட்ட வாக்கியத்தின் முதலில் 'ஷெ' என்ற இடைச்சொல் வருகிறது. தமிழில் 'வந்தானா' என்று ஆகாரம் சேர்ப்பதுபோன்ற ஏற்பாடுதான். அது முன்னால் வருகிறது என்பதே வேறுபாடு.

இவ்வளவு முக்கியமான குறிகளை நைஜீரியச் செய்தித்தாள்களும் பெயர்ப்பலகைகளும் கைபேசிச் செய்திகளும் ஏன் விட்டுவிடுகின்றன என்று நீங்கள் கேட்கலாம். நம் ஓலைச்சுவடிகளை நினைத்துப் பாருங்கள். மெய்க்குப் புள்ளி வைக்காமலும் எகர ஏகாரங்களை ஒரே வடிவிலும் எழுதியிருந்தாலும், மொழியறிந்தவர் இடம் நோக்கிப் படித்தார். எகரத்தையும் ஏகாரத்தையும் வடிவில் பிரித்துக் காட்டும் திருத்தத்தை 18ஆம் நூற்றாண்டில் செய்தவர், தமிழை வெளியிலிருந்து வந்து கற்ற வீரமாமுனிவர் என்பது தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். வீட்டில் பிறந்தவருக்கு வேண்டாத விளக்கு விருந்தினருக்கு வேண்டும். யோருபாக்காரர் குறியில்லாத வரியைப் படிக்கலாம். கற்பவர் முதல் ஓராண்டுக்குக் குறியுள்ள நூல்களை மட்டுமே படிப்பது நல்லது.

யோருபா எழுத்தின் கதையில் முன்னின்றவர் அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். சாமுவேல் அஜாயி குரௌதர் ஒஷோகுன் என்ற ஊரிலிருந்து 1821இல் சிறைபிடிக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை அவர் இருந்த கப்பலை மறித்து அவரைச் சியரா லியோனில் இறக்கிவிட்டது. அங்கே படித்து, 1843இல் யோருபாச் சொல்தொகுதியை வெளியிட்டார். 1864இல் ஆங்கிலிக்கன் ஆயரானார். அவர் முன்னின்று செய்த விவிலிய மொழிபெயர்ப்பு 1884இல் முழுமையடைந்தது. பிடுங்கி எறியப்பட்ட இடத்திலிருந்து தன் தாய்மொழிக்கு எழுத்து கொண்டுவந்து கொடுத்த மனிதர் அவர் என்பதை நினைக்கும்போது ஒரு புள்ளியைக்கூட அலட்சியமாக விட எனக்கு மனம் வருவதில்லை. 1859இல் அபெஒகுடாவில் யோருபாச் செய்தித்தாள் தொடங்கியது. 1875இல் லாகோசில் கூடிய மாநாடு எழுத்துமுறையை ஒழுங்குபடுத்தியது. இன்றைய எழுத்துக்கூட்டல் 1960களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு 1974இல் ஏற்கப்பட்டது. பழைய நூல்களிலும் ஊர்ப்பெயர்களிலும் வேறு எழுத்துக்கூட்டலைப் பார்க்க நேர்வது இதனால்தான். புள்ளி வைத்த எஸ்ஸுக்குப் பதிலாக எஸ்ஸையும் எச்சையும் சேர்த்து எழுதுவது இன்றும் பெயர்களில் தொடர்கிறது.

வட்டார வேறுபாடுகளைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். பொதுயோருபாவில் எந்தச் சொல்லும் உகரத்தில் தொடங்குவதில்லை. எக்கிதிப் பகுதியில் வீட்டை 'உலெ' என்பார்கள். இபாதான்காரர்கள் பலர் ஷகரத்தை ஸகரமாகச் சொல்வார்கள். அங்கே கேட்டதை வைத்துப் புள்ளியை அழித்துவிடாதீர்கள்.

பழகும் முறையைப் பற்றி என் கருத்து இதுதான். ஒரு நாளைக்கு ஐந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் குறிகளோடு கையால் எழுதி, முனகி, பிறகு சொல்லி, கைபேசியில் பதிந்து, தாய்மொழியாளர் ஒருவரின் ஒலியோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். 2018இல் தொடங்கிய பிபிசி யோருபாச் சேவையில் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. பெயர்களின் பொருளையும் தொனியையும் அறிய யோருபாநேம் என்ற இணையதளம் மிகவும் உதவும். கைபேசி விசைப்பலகையில் யோருபாவைச் சேர்த்துக்கொண்டால் புள்ளியுள்ள எழுத்துகள் நேரடியாகக் கிடைக்கும். குறியில்லாமல் தட்டெழுதும் பழக்கம் வருவதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள்.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் தருகிறேன், காலை வணக்கம். முதலில் புள்ளியுள்ள 'எ', இடைத்தொனியில். அது பெரியவர்களுக்கான 'நீங்கள்'. யோருபாவில் மூத்தவரை ஒருமையில் அழைப்பது நமக்கு எவ்வளவு உறுத்துமோ அவ்வளவு உறுத்தும், ஆகவே அதை விடக்கூடாது. பிறகு 'கா' போல ஒலிக்கும் மூன்று அகரம்: முதலாவது மேல், அடுத்தது கீழ், அதற்கடுத்தது மீண்டும் மேல், ஒரே மூச்சில், ஆனால் மூன்று படியும் கேட்கும்படி. இறுதியில் புள்ளியுள்ள ஓவோடு 'ரொ', கீழ். இடை, மேல், கீழ், மேல், கீழ். முதலில் வாயை மூடிக்கொண்டு முனகுங்கள்.